சியாங் மாய்: தாத்தா பாட்டிகள் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்லும் ஊர்!

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இமிகிரேஷன் அலுவலகம். அங்கே நிற்கும் வரிசையில் நரைத்த தலைகள் அதிகம். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பல நாட்டுத் தாத்தா பாட்டிகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பாஸ்போர்ட் ஜெராக்ஸ், வங்கி கொடுத்த கடிதம், பாஸ்புக் நகல், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் என்று எல்லாம் அதற்குள் இருக்கும். ஒவ்வொரு நகலிலும் ஒரு கையெழுத்து.

இவர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்லர். பத்து, பதினைந்து வருடங்களாக இதே ஊரில் குடியிருப்பவர்களும் இவர்களில் உண்டு. ஆனாலும், 'இன்னும் ஒரு வருடம் இங்கே இருந்துகொள்ளலாமா?' என்று கேட்கத்தான் ஃபைலோடு வந்திருக்கிறார்கள். அடுத்த வருடமும் வருவார்கள்.

ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருபவர்களுக்குத் தாய்லாந்து கொடுக்கும் விசாவின் பெயரிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. 'நான்-இமிகிரன்ட்' என்பது அதன் வகை. அதாவது, 'குடியேறாதவர்'. இருபது வருடம் வாழ்ந்தாலும் இந்த விசாவில் இருக்கும்வரை காகிதத்தில் அவர் குடியேறாதவர்தான்.

ஏன் இந்த ஊர்?

சியாங் மாய் பழைய ஊர். 1296-ல் மெங்ராய் என்ற மன்னர் உருவாக்கியது. பழைய நகரைச் சுற்றி இன்றும் சதுரமாக ஓர் அகழி ஓடுகிறது. ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அதிகாலையில் அகழியோரம் நடப்பதும், பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வருவதைப் பார்ப்பதும் பலருக்கு அன்றாட வழக்கம். மேற்கே தோய் சுதேப் மலை. அதன்மேல் பொன் வேய்ந்த புத்தர் கோயில். நாக வடிவக் கைப்பிடிச் சுவர் கொண்ட 300-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு விஞ்ச் வசதியும் உண்டு.

டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிரும். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஊரின் அடையாளமான 'காவ் சோய்' நம் நாக்குக்கும் பிடிக்கும். தேங்காய்ப்பால் சேர்த்த காரக் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே கொஞ்சம் பொரித்த நூடுல்ஸ், தொட்டுக்கொள்ள ஊறவைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், பிழிந்துகொள்ள எலுமிச்சை. லண்டனிலோ சிட்னியிலோ ஒற்றை அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே வசதியான வீடே கிடைக்கும். நல்ல மருத்துவமனைகளும் இருக்கின்றன.

குறை இல்லாத ஊர் ஏது? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீயும், சோளக் கொல்லைகளில் அறுவடைக் கழிவை எரிப்பதும் சேர்ந்து ஊரையே புகையில் மூடிவிடும். அந்த நாட்களில் உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முதலிடத்துக்குப் போவதும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் தெற்கே கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

என்ன கேட்கிறார்கள்?

முதல் நிபந்தனை, வயது 50 நிறைந்திருக்க வேண்டும். அடுத்தது பணம். தாய்லாந்து வங்கியில் சொந்தப் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். நம் மதிப்பில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் வேண்டும். இரண்டையும் கலந்தும் கணக்குக் காட்டலாம்.

வங்கியில் போட்டுவிட்டால் போதுமா? அதுதான் இல்லை. நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. அதன்பிறகும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 2019-ல் இந்த விதியை இறுக்கினார்கள். பணம் உங்களுடையதுதான். ஆனால், அவசரத்துக்கு எடுக்க முடியாது!

சொந்த நாட்டிலிருந்தே 'ஓ-ஏ' வகை விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இன்னும் மூன்று காகிதங்கள் தேவை. குற்றப் பின்னணி இல்லை என்ற போலீஸ் சான்று. தொழுநோய், காசநோய், யானைக்கால் போன்றவை இல்லை என்ற மருத்துவச் சான்று. கூடவே, ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு.

உள்ளே வந்த பிறகு, 90 நாளுக்கு ஒருமுறை 'இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட் அபராதம். வருடாந்தர நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாட். பேரனின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதென்றால், கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால், கையில் இருந்த நீட்டிப்பும் ரத்து. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்காத தொண்டு வேலைக்குக்கூட அனுமதி வேண்டும். நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கலாம். ஆனால், ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவிகிதம்தான் வெளிநாட்டினர் பெயரில் இருக்கலாம்.

ஒரு தம்பதியின் கணக்கு

இதெல்லாம் 60 வயதில் பெரிய பாரமாகத் தெரியாது. வயது ஏறும்போதுதான் தெரியும். புரிந்துகொள்ள, ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். இங்கிலாந்துக்காரர்கள். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2005-ல் சியாங் மாய் வந்தபோது அவருக்கு 65 வயது, மனைவிக்கு 61.

அப்போது ஒரு பவுண்டு கொடுத்தால் 70 பாட்டுக்கு மேல் கிடைத்தது. மாதம் 65,000 பாட் காட்ட சுமார் 930 பவுண்டு போதும். 2019-ல் ஒரு பவுண்டுக்கு 40 பாட் அளவில்தான் கிடைத்தது. அதே 65,000 பாட்டுக்கு அந்த வருடம் 1,600 பவுண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. பென்ஷன் ஏறியிருக்குமே என்றால், அரசு ஓய்வூதியத்தில் அதுவும் இல்லை. பிரிட்டன் அரசு தரும் ஓய்வூதியத்தில் உள்நாட்டில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் உயர்வு, தாய்லாந்தில் வாழ்பவர்களுக்குக் கிடையாது. முதலில் என்ன தொகையோ, அதேதான் கடைசிவரை. இதே சமயத்தில், 'இவருக்கு இவ்வளவு வருமானம்' என்று கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த பிரிட்டன், அமெரிக்கத் தூதரகங்களும் 2019 முதல் அந்தக் கடிதத்தை நிறுத்திக்கொண்டன.

சரி, சேமிப்பை எடுத்து 8 லட்சம் பாட்டை வங்கியில் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 80 வயதில் இடுப்பெலும்பு முறிகிறது. அந்த வயதில் காப்பீடு கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் பிரீமியம் எட்டாத உயரத்தில். மருத்துவமனைக்குக் கட்ட வங்கியில் பணம் இருக்கிறது. ஆனால், எடுத்தால் விசா போகும். எடுக்காவிட்டால் சிகிச்சை நிற்கும். முதுமைக்காகச் சேர்த்த பணம், முதுமை வந்து கதவைத் தட்டும்போது பூட்டிக் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மனைவி பெரும்பாலும் கணவரின் விசாவைச் சார்ந்தவராகவே தங்கியிருப்பார். அவருக்குத் தனியாக 8 லட்சம் காட்ட வேண்டியதில்லை என்பதால் ஆரம்பத்தில் இது லாபமாகத் தெரியும். ஒருநாள் கணவர் இறந்துபோனால், அவர் விசாவோடு மனைவியின் அனுமதிக்கான அடிப்படையும் போய்விடும். கணவர் பெயரில் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து, நீதிமன்ற நடைமுறை முடியும்வரை பணம் எடுக்க முடியாது. இறுதிச்சடங்கு முடிந்த கையோடு, பாட்டி தன் பெயரில் புதிதாக 8 லட்சம் பாட் காட்டி விசா வாங்க வேண்டும். அல்லது, யாரும் காத்திருக்காத ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

கையில் ஊற்றிய மல்லிகைத் தண்ணீர்

அப்படியானால் இவர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் அலுவலகத்தில் கிடைக்காது. தெருவில் கிடைக்கும்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தின் புத்தாண்டு. சொங்க்ரான் என்பார்கள். சங்கராந்தி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். நம் சித்திரை முதல் நாளும் அதே சமயத்தில்தான் வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது அகழியோரம் தண்ணீர்த் துப்பாக்கி விளையாட்டு. சியாங் மாய்க்காரர்களுக்கு அதில் இன்னொரு பாதி உண்டு. 'தம் ஹுவா' என்று அதற்குப் பெயர். இளையவர்கள் மல்லிகைப்பூ மிதக்கும் வாசனைத் தண்ணீரைக் கொண்டுவந்து பெரியவர்களின் கைகளில் ஊற்றி, தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்டு ஆசி பெறுவார்கள்.

அந்த வரிசையில் தெருவில் இருக்கும் வெள்ளைக்காரத் தாத்தாவுக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். வருடம் முழுக்க அவரை 'லுங்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெரியப்பா, மாமா என்று நாம் சொல்வதுபோல. அவர் மனைவி 'பா', அதாவது பெரியம்மா. இமிகிரேஷன் அலுவலகத்தில் குடியேறாதவர், தெருவில் பெரியப்பா. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் வாழ்க்கை நடக்கிறது.

கிளம்பும் முன்...

இந்த விசாவுக்கு இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இரண்டே பேர் என்ற நிலையில், 'நாமும் எங்காவது போய் இருந்தால் என்ன?' என்று நினைக்கும் பெற்றோர் நம்மூரிலும் உண்டு. அவர்கள் சியாங் மாய் வரிசையிலிருந்து கற்றுக்கொள்ளச் சில விஷயங்கள் இருக்கின்றன.

விசாவுக்குக் காட்டும் பணத்தை இல்லாத பணமாகவே நினையுங்கள். மருத்துவத்துக்குத் தனித்தொகை வேண்டும். இங்கே எடுத்த மருத்துவக் காப்பீடு பொதுவாக அங்கே செல்லாது. முடிந்தால் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக விசா வாங்கி, தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் இருக்கும் சொத்துக்கு அந்த நாட்டு முறைப்படி உயில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் இருக்கும் வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். விதிகள் மாறும். வருடா வருடம் அனுமதி கேட்பவருக்குத் திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

சியாங் மாயில், பிங் ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய இடம் இருக்கிறது. வெளிநாட்டினர் கல்லறைத் தோட்டம். 1898-ல் மன்னர் சுலாலங்கோர்ன் கொடுத்த நிலம். தேக்கு வியாபாரத்துக்கும் மதப்பணிக்கும் வந்து ஊர் திரும்பாதவர்கள் அங்கே இருக்கிறார்கள். விக்டோரியா மகாராணியின் சிலை ஒன்றும் நிற்கிறது. ஓய்வுக்காலத்தைக் கழிக்க வந்த நம் காலத்துத் தாத்தா பாட்டிகள் சிலரும் இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். நிலம் வாங்க முடியாத நாட்டில், வெளிநாட்டுக்காரருக்கென்றே ஒதுக்கிய மண் அது. அங்கே யாரும் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி கேட்பதில்லை.