காலவழு இல்லாத தண்டவாளம்

கடல் கடந்த மடல் – இங்கிலாந்திலிருந்து

தமிழ் இலக்கணத்தில் வழு ஏழு வகைப்படும் என்பதும், அவற்றுள் ஒன்றான காலவழு, 'நேற்று வருவான்' என்பதுபோல ஒரு காலத்துக்குரிய சொல்லோடு வேறொரு காலத்தின் வினையைப் பொருத்துவதால் நேர்வது என்பதும் பள்ளிப் பாடத்திலேயே அறியப்பட்டவை. இங்கிலாந்தில் மாதிரி ரயில் அமைப்போர், அதாவது ஒரு ரயில் பாதையை அதன் நிலையம், ஊர், வயல்வெளி ஆகியவற்றோடு சிற்றளவில் பலகையின் மேல் உருவாக்குவோர், தம் வேலையில் மிகவும் அஞ்சுவதும் இதே வழுவுக்குத்தான். 1938-ஆம் ஆண்டின் கிராம நிலையம் என்று சொல்லிவிட்டு, 1956-இல் அறிமுகமான முத்திரையைத் தாங்கிய எஞ்சினை அதில் ஓடவிட்டால், அந்த எஞ்சின் எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருந்தாலும் அமைப்பு முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

இலக்கணம் வழுவமைதி என்ற ஒன்றையும் ஏற்கிறது. மரபால் பொறுத்துக்கொள்ளப்படும் பிழை அது. பிரிட்டனில் பெருவழக்காக உள்ள 'ஓஓ' அளவில், உண்மையின் ஓர் அடி நான்கு மில்லிமீட்டராகக் குறைக்கப்படுவதால் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 18.83 மி.மீ. இருந்தாக வேண்டும், ஆனால் இருப்பதோ 16.5 மி.மீ. மட்டுமே. பிரிட்டனின் எஞ்சின்கள் ஐரோப்பாவின் பிற நாடுகளின் எஞ்சின்களைவிட உருவில் சிறியவை என்பதால், இந்த அளவு உருவான காலத்து மின்மோட்டாரை உள்ளே அடக்குவதற்காக எஞ்சினின் உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தைப் பழைய சிற்றளவிலேயே விட்டுவிட்டார்கள். இந்தக் குறை பெரும்பாலோரால் பொறுத்துக்கொள்ளப்படுகிறது என்றாலும், காலப் பிழையை அவர்கள் அவ்வாறு பொறுப்பதில்லை. இந்த வேறுபாடு நியாயமானதே, ஏனெனில் அளவு குறைந்தாலும் ஓர் உலகம் உலகமாகவே நிற்கிறது, காலம் கலந்துவிட்டாலோ அப்படி ஓர் உலகம் என்றுமே இருந்ததில்லை என்றாகிவிடுகிறது.

பிரிட்டிஷ் ரயில் வரலாற்றின் எல்லைக்கோடுகள் தெளிவானவை. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 1923-இல் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. 1948 ஜனவரி 1 அன்று அவை நாட்டுடைமையாயின. நீராவி எஞ்சின்கள் 1968 ஆகஸ்டில் தேசிய ரயில் சேவையிலிருந்து விடைபெற்றன. இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்வது எளிது. கடினமானது, எந்த ஆண்டும் தன்னந்தனியாக இருப்பதில்லை என்பதை உணர்வது. நாட்டுடைமையான மறுநாளே ஆயிரக்கணக்கான எஞ்சின்களுக்கும் லட்சக்கணக்கான வேகன்களுக்கும் புதிய வண்ணம் பூசிவிட முடியாது என்பதால், 1950-ஐச் சித்திரிக்கும் ஓர் அமைப்பில் எல்லாமே புதிய நிர்வாகத்தின் வண்ணத்தில் பளபளத்தால் அதுவும் காலவழுவே ஆகும். விரைவு ரயில் பெட்டிகளுக்கு 1949 முதல் சிவப்பும் பாலேட்டு நிறமும் பூசப்பட்டன. 1956-இல் அது அரக்குச் சிவப்பாக மாறியது. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் இரண்டாம் வகுப்பு என்று மாற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆகவே 1957-இன் ரயில் ஒன்றில் இரு வண்ணப் பெட்டிகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதே இயல்பு.

நிலக்கரி வேகன் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுரங்கங்களும் நிலக்கரி வணிகர்களும் சொந்தமாக வைத்திருந்த மர வேகன்கள், உரிமையாளர் பெயரைப் பெரிய நிழலெழுத்துகளில் தாங்கி, 1930களில் கண்ணைக் கவரும்படி ஓடின. 1939-இல் போர் மூண்டதும் அவை அனைத்தும் அரசின் பொதுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட, அதன்பின் அவற்றுக்கு வண்ணம் பூசுவாரில்லை. உடைந்த பலகைக்குப் பதிலாகப் புதுப் பலகை அடிக்கப்பட்டபோது அது வண்ணமின்றியே விடப்பட்டதால், பெயரின் நடுவில் இரண்டு எழுத்துகள் காணாமற்போய், எஞ்சியவை சாம்பல் படிந்த மரத்தில் மங்கலாகத் தெரிந்தன. கடையில் வாங்கிய வண்ணமிகு வேகனை அப்படியே 1952-இன் பாதையில் நிறுத்துவோர், அழகு கருதி உண்மையை இழக்கிறார்கள்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட 1956-இன் ரயில்வே முத்திரையில் சக்கரத்தைப் பற்றி நிற்கும் சிங்கம் முதலில் எஞ்சினின் இரு பக்கங்களிலும் முன்னோக்கியே பார்த்தது. அதனால் ஒரு பக்கத்தில் அது வலப்புறம் திரும்பியிருந்தது. அரச சின்னங்களுக்குரிய மரபுப்படி சிங்கம் இடப்புறமே நோக்க வேண்டும் என்று ஆட்சேபம் எழவே, பின்னர் அது திருத்தப்பட்டது. எஞ்சின் ஒன்றின் புகைப்படம் எந்த ஆண்டுக்குரியது என்பதை இந்தச் சிங்கம் திரும்பும் திசை உணர்த்திவிடுவதுண்டு.

தண்டவாளத்தைவிட்டு விலகும் இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வீட்டுக் கூரையில் 'எச்' வடிவ டி.வி. ஆன்டெனா உண்டா என்பதும், சிவப்புத் தொலைபேசிக் கூண்டின் மேலுள்ள கிரீடம் 1953-க்கு முந்தைய வடிவமா பிந்தையதா என்பதும், சாலைப் பலகைகள் 1965-இல் நடைமுறைக்கு வந்த புதிய வகையா என்பதும் ஆராயப்பட வேண்டியவை. தாவரங்களுக்கும் ஆண்டு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சினின் தீப்பொறியால் புல் பற்றிக்கொள்ளாதிருக்க, பாதையைப் பராமரித்த கேங்மேன்கள் ரயில் கரைகளைச் செதுக்கியும் திட்டமிட்டு எரித்தும் வெறுமையாக வைத்திருந்தார்கள். இன்று பயணிகள் காணும் அடர்ந்த மரங்கள் பெரும்பாலும் நீராவிக் காலம் முடிந்தபின் வளர்ந்தவை. மாறாக, வயல் வேலிகளில் ஓங்கி நின்ற எல்ம் மரங்கள், 1960களின் இறுதியில் பரவத் தொடங்கிய பூஞ்சை நோயால் இரண்டு கோடிக்கும் மேல் மடிந்துபோயின. எனவே 1930களின் இங்கிலாந்தை அமைப்பவர் கரையில் மரத்தை நீக்கி, வேலியில் மரத்தை நட வேண்டியிருக்கிறது.

இந்தக் கவனத்தை வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ராய் இங்கிலாந்து. பெயரில் இங்கிலாந்து இருந்தாலும் அவர் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் கப்பலேறி வந்தவர். ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த குடிசைகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, அவற்றை அளந்து சிற்றளவில் பதிவுசெய்யத் தொடங்கினார். லாங் விட்டன்ஹம் என்னும் சிற்றூரில் 1954-இல் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகத்தில், அட்டையால் ஆன வீடுகளின் செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீறப்பட்டு நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டவை. உள்ளூரார் அன்றாடம் கண்டு பழகிய சுவரில் எந்தக் கல் வெளிறியது, எந்தக் கல் கறுத்தது என்பதைக் கடல் கடந்து வந்த ஒருவர் குறித்துக்கொண்டதால், அந்தச் சுவர்களின் நிறம் இன்று அட்டையில் இருக்கிறது.