இரண்டு அங்குலம்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. நானும் என் அண்ணனும் உயரம் தெரியாமல் கையை விட்டவர்கள். ஈர்ப்பு மையம் பற்றிய பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய நான், அதே பாடத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியிடம் தோற்றேன். தோற்ற கதைதான் இது. படிக்கும் நண்பர்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வர ஓராண்டு ஆயிற்று.

எங்கள் வீடு கொல்லிமலையில் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே வர வேண்டும். அதற்குப் பிறகு தார்ச்சாலையை விட்டு இறங்கி, மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் போனால் எங்கள் சிற்றூர். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வண்டித் தடம் இரண்டும் வாய்க்கால் போல ஓடும். நடுவில் மேடு நிற்கும். அங்கே எங்களுக்குக் கால் என்றால் அப்பாவின் 1997ஆம் ஆண்டு மாருதி ஜிப்சிதான்.

ஜிப்சி 1985இல் நம் நாட்டில் அறிமுகமான வண்டி. சுசுகி நிறுவனத்தின் ஜிம்னிதான் அதற்கு மூலம். தேவைப்படும்போது ஒரு லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். பொதுமக்களுக்கான அதன் விற்பனை 2019இல் நின்றுவிட்டது. இன்றைய கார்களைப் போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சுருள்வில் அதற்குக் கிடையாது. மாட்டு வண்டிக்கு அச்சு போல முன்னும் பின்னும் ஒரே நீள ஆக்சில். அதன் அடியில் லாரிக்கு இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஆக்சிலுக்குக் கீழே இருக்கின்றன என்பதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வண்டிக்கு ஒரு குறை இருந்தது. வளைவுகளில் மிகவும் சாயும். மேலே இரும்புக் கேரியரில் மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி ஒரு பக்கம் படுத்து, எழுந்து, மறுபக்கம் படுக்கும். அம்மாவுக்கு இருபதாவது வளைவுக்குள் வாந்தி வந்துவிடும். கீழே ஏதாவது திருமணம் என்றால் முதல் நாள் இரவே சாப்பிட மாட்டார். “நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டில் தங்கிய விசேஷங்கள் பல.

என் அண்ணன் நாமக்கல்லில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் வேலை செய்கிறார். லாரித் தொழிலால் வாழும் ஊர் அது, பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதம் அவர் விடுமுறையில் வந்தபோது நான்தான் அவரிடம் பேச்செடுத்தேன். “உயரத்தைக் குறைச்சா ஈர்ப்பு மையம் இறங்கும்ணா. இறங்கினா சாய்வு குறையும்” என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். அண்ணன் தம்பியின் படிப்பை மதிப்பவர். “இரண்டு அங்குலம் இறக்கிடலாம்” என்றார்.

அப்பா வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் வேலையை முடித்தோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, யூ போல்ட்டுகளைக் கழற்றி, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு அங்குல இரும்புக் கட்டையை வைத்து, நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கினோம். பட்டை ஆக்சிலுக்கு அடியில் இருப்பதால், நடுவில் கட்டை வைத்தால் பட்டை கீழே போகும். பட்டையின் மேல் நிற்கும் வண்டியும் அதனுடன் கீழே போகும். “சவாரி மெத்துனு இருக்கட்டும்” என்று பின்பக்கம் ஒரு பட்டையையும் உருவிவிட்டோம். நான்கு சக்கரங்களையும் தரையில் இறக்கி, தள்ளி நின்று பார்த்தபோது வண்டி பதுங்கிய புலி போல இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

அப்பா வந்து பார்த்தார். “எதுக்குடா?” என்று மட்டும் கேட்டார். நான் ஈர்ப்பு மையத்தை விளக்கினேன். படித்த பிள்ளை சொல்வதை மறுக்க மனமில்லாமல் பேசாமல் இருந்துவிட்டார். அந்த வாரம் அம்மாவை ஏற்றிக்கொண்டு, மூட்டை ஏதும் இல்லாமல், செம்மேட்டிலிருந்து அடிவாரம் வரை இறங்கினோம். அம்மாவுக்கு வாந்தி வரவில்லை. “இன்னிக்கு அவ்வளவா சாயல” என்றார். நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் வளையம் சற்றுக் கோணலாக நின்றதையும், பள்ளத்தில் ‘டங்’ என்று ஒரு சத்தம் வந்ததையும் நான் கண்டுகொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை. பாட்டி களத்துப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பை அசைக்க முடியவில்லை. 108க்குச் சொன்னோம். தார்ச்சாலை முனைக்கு வந்து காத்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. பின் இருக்கையைக் கழற்றி, மெத்தை விரித்து, பாட்டியைப் படுக்க வைத்தோம். அப்பா ஓட்டினார். நான் பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

முதல் பள்ளத்திலேயே ஆக்சில் மேலே வந்து சேசிஸில் உள்ள ரப்பரில் மோதியது. பாட்டி அலறினார். அடுத்த பள்ளம், மறுபடி மோதல், மறுபடி அலறல். அந்தப் பாதையில் பள்ளமில்லாத இடம் ஏது? அப்பா நடை வேகத்துக்கும் கீழே ஓட்டினார். அப்படியும் ஒவ்வொரு அடியும் பாட்டியின் இடுப்பில்தான் விழுந்தது. பாதி வழியில், தடங்களுக்கு நடுவே இருந்த மேட்டில் வண்டியின் அடிவயிறு உட்கார்ந்தது. அப்பா லீவரைத் தள்ளினார். நான்கு சக்கரங்களும் சுற்றின, சேறுதான் பறந்தது. வண்டி நகரவில்லை. வயிறு தரையில் உட்கார்ந்துவிட்ட வண்டிக்கு நான்கு சக்கரம் இழுத்தால் என்ன, நாற்பது சக்கரம் இழுத்தால் என்ன?

அப்பா எஞ்சினை நிறுத்தினார். ஒரு சொல் பேசவில்லை. நான் ஊருக்கு ஓடி, கயிற்றுக் கட்டிலுடன் நான்கு பேரை அழைத்து வந்தேன். மீதி ஒன்றரைக் கிலோமீட்டரும் பாட்டியைத் தோளில் சுமந்தோம். மழை நிற்கவில்லை. கட்டிலின் ஒரு கால் என் தோளில் இருந்தது. அதற்கு முன் எத்தனை பேரை அந்த வண்டி அந்தப் பாதையில் அலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது என்று அப்போதுதான் எண்ணினேன்.

பாட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருந்த இரவுகளில் நான் மறுபடியும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முன்பு ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று அங்குல இடைவெளி இருந்தது. நாங்கள் வேலை செய்த பிறகு ஓர் அங்குலம்தான் மிச்சம். ஸ்பிரிங் தாங்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரம் மூன்றில் ஒரு பங்கானால், அதே அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் ஒன்பது மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். நாங்களோ ஒரு பட்டையை உருவி இன்னும் தளர்த்தியிருந்தோம். டயர் மாறாததால் ஆக்சிலின் உயரம் மாறவில்லை. ஆனால் சேசிஸும் நடுவில் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பட்டைகளும் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டன. மேட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஆட்களுடன் வண்டி 1300 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் உயரத்தில், கேரியரின் மேல் 150 கிலோ மிளகு ஏற்றினால் ஈர்ப்பு மையம் 79 செ.மீ.க்கு ஏறிவிடுகிறது. அதே மூட்டைகளை உள்ளே தரையில் வைத்தால் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. நாங்கள் இரும்புக் கட்டை வைத்து இறக்கியது ஐந்து செ.மீ. மட்டுமே, மூட்டையைக் கீழே இறக்கியிருந்தால் பதினான்கு செ.மீ. குறைந்திருக்கும். காசு செலவில்லை, போல்ட் கழற்ற வேண்டியதில்லை. அம்மாவுக்கு வாந்தி வராத அன்று கேரியரில் மூட்டை இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சட்டத்தையும் நான் பிறகுதான் படித்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. முன்பு இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் வண்டிகளுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன்.

பாட்டி வீடு திரும்பிய பின் அண்ணன் வந்தார். இருவரும் வண்டியை மீண்டும் பிரித்தோம். இந்த முறை அப்பாவும் கூட உட்கார்ந்தார். பின்பக்கப் பட்டை ஒன்று உள்ளேயே உடைந்திருந்தது. ஷேக்கிள் புஷ்கள் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தன. ஷாக் அப்சார்பரைக் கழற்றி அழுத்தினால் சைக்கிள் பம்பு போல உள்ளே போனது. எண்ணெய் எப்போதோ ஒழுகிவிட்டிருந்தது. இவை எல்லாம் முதல் முறையே எங்கள் கண்ணில் பட்டவைதான், மனத்தில் படவில்லை.

“வண்டி சாஞ்சது உயரத்தால இல்லடா, வயசால” என்றார் அப்பா.

அண்ணன் தலை நிமிரவில்லை. தொழில் தெரிந்தவர்; என் தாளை நம்பித் தன் கையை மறந்தவர். அந்தக் குற்றம் என்னுடையது.

கட்டைகளை எடுத்தோம். உருவிய பட்டையைச் சேர்த்தோம். உடைந்ததற்குப் புதிய பட்டை வாங்கினோம். தளர்ந்த பட்டைகளை அண்ணன் தம் பட்டறைக்குக் கொண்டுபோய் வளைவு ஏற்றி, பதம் போட்டுக் கொண்டுவந்தார். புதிய புஷ்கள், வண்டிக்கு உரிய நீளத்தில் புதிய ஷாக் அப்சார்பர்கள். கேரியரைக் கழற்றி மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டோம். மிளகு இப்போது இரண்டு நடையாக, உள்ளே தரையில் வைத்துப் போகிறது. டீசல், பெட்ரோல் விலை தெரிந்தவர்களுக்கு இரண்டு நடை என்பதன் பொருள் தெரியும். அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி இப்போதும் வளைவில் சாய்கிறது. ஆனால் ஒரு முறை சாய்ந்து நின்றுகொள்கிறது, முன்போல ஊசலாடுவதில்லை. சென்ற தை மாதம் மாமா மகள் திருமணத்துக்கு அம்மா வந்தார். நாற்பதாவது வளைவு வரை தாங்கினார். அது முன்னேற்றம்தான்.

பாட்டி இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மாதம் ஒரு முறை மருத்துவரிடம் போக வேண்டும். வண்டியில் ஏறுவதற்கு முன் கைத்தடியால் டயரைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “இது பழைய வண்டிதானே?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். “பழைய வண்டிதான் பாட்டி” என்று சொன்ன பிறகே காலை எடுத்து வைப்பார்.

கழற்றிய நான்கு இரும்புக் கட்டைகளில் மூன்றை அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஒன்று என் படிப்பு மேசையில் இருக்கிறது. காற்றடிக்கும் போது தாள்கள் பறக்காமல் அதைத்தான் மேலே வைக்கிறேன். கணக்குப் போட்டு முடித்ததும், அந்தத் தாளைக் கையில் எடுக்குமுன், அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.