"சும்மா ஊசி குத்துனாப்புல இருக்கு சார்"



இன்னைக்குச் சுகர் பத்தியோ பிரஷர் மாத்திரை பத்தியோ எழுதப்போறதில்லை. என் ஜீப்போட ஸ்டியரிங் பத்தி. டிராக்டர், ஜேசிபி, பழைய ஜீப் எது வீட்டில் இருந்தாலும் கடைசி வரை படிச்சுடுங்க.

2018 நவம்பர் 16. கஜா புயல் நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட நாள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே தென்னையும் பலாவும் கிடந்தன. என் காரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த அனுபவத்தில்தான் ஒரு பழைய டீசல் ஜீப்பை, ஃபோர் வீல் டிரைவ் உள்ளதாகப் பார்த்து, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கிராமத்து முகாம்களுக்கு அதுதான் வண்டி.

சில வருஷத்தில் ஸ்டியரிங் இறுக ஆரம்பித்தது. கந்தர்வகோட்டைப் பக்கம் தைலமரக் காட்டுத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்தால், மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியாது. பவர் ஸ்டியரிங் இருக்கிற வண்டிதான். பவரைத்தான் காணோம்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். என்ஜின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி, ஹோஸ் வழியாக ஸ்டியரிங் பாக்ஸுக்கு அனுப்பும். நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அந்தப் பக்கம் பிஸ்டனை எண்ணெய் தள்ளும். பம்ப்தான் இதயம், ஹோஸ்தான் ரத்தக்குழாய். 1926-லேயே அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற என்ஜினியர் தன் காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் வந்தது 1951-ல்தான், கிரைஸ்லர் இம்பீரியலில். இன்னைக்கு ஸ்டியரிங் கியர் செய்கிற தொழிற்சாலை நம்ம விராலிமலையிலேயே இருக்கு. மயிலுக்கும் முருகனுக்கும் மட்டும் பேர்போன ஊர் இல்லை அது.

நான் வண்டியைக் கொடுத்த மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். அவர் சோதித்த விதம் ஒரு நல்ல டாக்டர் நோயாளியைப் பார்ப்பது மாதிரியே இருந்தது.

முதலில் கேள்விகள். ரெண்டு பக்கமும் இறுகுதா, ஒரு பக்கமா? என்ஜின் சூடானதும் கூடுதா? திருப்பும்போது முனகல் சத்தம் வருதா?

அடுத்து டயர் காற்று, பெல்ட்டின் தொய்வு, எண்ணெய் அளவு. எண்ணெயில் நுரை இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம்.

பிறகு முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, என்ஜினை அணைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். அப்பவும் ஒரு இடத்தில் பிடித்து நின்றால் கோளாறு ஜாயிண்ட், கிங்பின் பக்கம். எங்க வண்டி லேசாகத் திரும்பியது. ஆக, சிக்கல் எண்ணெய் அழுத்தத்தில்.

கடைசியாக பிரஷர் கேஜ். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மாட்டி, அதன் வால்வை ஐந்து விநாடிக்கு மேல் மூடாமல் பார்த்தார். கிட்டத்தட்ட 100 பார் காட்ட வேண்டிய இடத்தில் 40-தான் காட்டியது. வால்வை மூடியும் அழுத்தம் ஏறவில்லை என்றால் பம்ப் போச்சு. மூடும்போது நன்றாக ஏறி, திறந்து ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது ஏறாவிட்டால் பாக்ஸுக்குள் கசிவு. எனக்கு பம்ப்.

"பம்ப்பை மாத்துவோம் சார். எண்ணெய் சூடாகாம இருக்க ஒரு கூலரும் வச்சுக்கலாம். அப்படியே இந்த ஹோஸையும் மாத்திடுங்க. மேல் ரப்பர் வெடிச்சிருக்கு பாருங்க."

நான் பார்த்தேன். வெடிப்பு இருந்தது, ஒழுகல் இல்லை. "ஒழுகலையேப்பா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றேன்.

மனுஷ உடம்பில் இந்தத் தப்பை நான் செய்யவே மாட்டேன். 40-ல் தளர்ந்து கிடந்த அழுத்தத்தை 100-க்கு ஏற்றிவிட்டு, குழாய் மட்டும் பழசாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஸ்டியரிங் அருமையாகத்தான் ஆனது, ஒற்றை விரலில் திருப்பலாம். மூணு வாரம் கழித்து ஹோஸ் மேலே லேசாக எண்ணெய் வேர்த்திருந்தது. முகாமுக்குப் போகும் வழியில் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனேன்.

அன்று சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் வரிசையில் அந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். இடது ஆள்காட்டி விரல் நுனியில் பொட்டு மாதிரி ஒரு துளை. ரத்தம்கூட இல்லை. "சும்மா ஊசி குத்துனாப்புல இருக்கு சார். ஒரு டிடி போட்டு விடுங்க."

வெளியே நாற்பது பேர். சீட்டில் டிடி என்று எழுதியும்விட்டேன். பேனாவை வைக்கும்போது, பழக்க தோஷத்தில், "என்ன குத்துச்சுப்பா?" என்று கேட்டேன்.

"எதுவும் குத்தல சார். என்ஜின் ஓடும்போது ஹோஸைத் தடவி எங்க கசியுதுன்னு பாத்தேன். சுரீர்னுச்சு."

"எந்த வண்டி?"

"உங்க வண்டிதான் சார்."

உங்களுக்குப் புரியும்படி சொல்றேன். நம்ம ரத்த அழுத்தம் 120. அதே மி.மீ. பாதரசக் கணக்கில் 100 பார் என்பது 75,000. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய், தோலைத் துளைத்து தசைநாண் உறை வழியாக உள்ளங்கை வரை ஓடும். முதல் சில மணி நேரம் வலி குறைவாகவே இருக்கும். பிறகு விரல் வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகும். மருத்துவ ஆய்வுத் தொகுப்புகளில் இப்படி வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு விரலையோ அதன் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது.

அன்று இரவே தஞ்சாவூரில் ஆபரேஷன். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரை திறந்து எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். விரல் தப்பியது. கடைசி மூட்டு இன்றுவரை மடங்கவில்லை. ஸ்பேனரை மற்ற விரல்களால் பிடிக்கப் பழகிக்கொண்டார். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். மடங்காத மூட்டுக்கு அது ஈடாகாது.

நீங்க நினைவில் வைக்க வேண்டியது:

1. ஓடும் ஹைட்ராலிக் ஹோஸைக் கையால் தடவாதீங்க, கையுறை போட்டும் வேண்டாம். நீளமான குச்சியில் அட்டைத்துண்டைக் கட்டி நீட்டிப் பாருங்க. கழற்றுவதற்கு முன் என்ஜினை அணைங்க.

2. பம்ப்பை மாத்தினா, அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸையும் சேர்த்தே மாத்துங்க. கம்பெனி சொன்ன எண்ணெய் மட்டும் ஊத்துங்க. பிரேக் ஆயில் ஊத்தினா சீல் ஊதிப்போகும்.

3. ராம் சிலிண்டர் வச்சு ஸ்டியரிங்கையே மாத்தி அமைக்க ஆசையா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை முதலில் படிங்க.

4. எண்ணெய், கிரீஸ் கன், பெயின்ட் ஸ்பிரே எது தோலுக்குள் பாய்ந்தாலும் துளை சின்னதுன்னு ஏமாறாதீங்க. அமுக்காதீங்க, ஒத்தடம் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்தி வச்சு, ஒண்ணும் சாப்பிடாம, எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கிட்டு, கை அறுவை சிகிச்சை உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிடுச்சு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்க. சொல்லாவிட்டால், நான் எழுதிய மாதிரி டிடி எழுதி அனுப்பிவிடுவோம்.

உங்க ஊர் பட்டறைத் தம்பிகளுக்கு இதை அனுப்புங்க. நான் ஒத்திப்போட்ட ஹோஸ் இப்போது என் மேஜை மேலேதான் இருக்கிறது. டோக்கன் நாற்பதைத் தாண்டும் நாளில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.