மூன்று கிலோ

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் ஒலியைக் கேட்டு வாங்குவார்கள், விலையைப் பார்த்து வாங்குவார்கள், வயது 19 என்றால் நிறத்தைப் பார்த்து வாங்குவார்கள். 53 வயதில் நான் விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

காரணம் கழுத்து. ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடது கட்டைவிரல் அவ்வப்போது மரத்துப்போகும். வலது கைக்காரர்களுக்கு கிட்டாரின் வார் ஏறுவதும் இடது தோளில்தான். கல்லூரி நாட்களிலிருந்து நான் வாசித்துவந்தது லெஸ் பால் வடிவத்தில் செய்த கிட்டார். எடை நாலேகால் கிலோ. "தோள்ல வெயிட் மாட்டாதீங்க, உக்காந்து வாசிங்களேன்" என்றார் டாக்டர். உட்கார்ந்தால் விரல்களைப் பார்க்கக் குனிய வேண்டும். குனிந்தால் மறுபடியும் கழுத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மெல்லிசைக்குழு நண்பர்கள் நாலு பேர் கூடி வாசிக்கிற இரண்டு மணி நேரம் போய்விட்டால், வாரத்தில் எனக்கென்று என்ன மிஞ்சும் என்று யோசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

"வாசிக்கறத விட்டுடுங்கன்னு யாரும் சொல்லலியே. லேசா ஒண்ணு வாங்கிக்கோங்க. முப்பதாயிரத்துக்கு மேல மட்டும் போகாதீங்க" என்றாள் மனைவி.

இந்த வாத்தியம் ஏன் இவ்வளவு கனக்கிறது? உள்ளே கூடாக இருக்கும் கிட்டாரில் பிக்கப் பொருத்தி ஆம்ப்ளிஃபையரில் ஒலியைக் கூட்டினால், அந்த ஒலியே கிட்டாரின் வயிற்றை அதிரவைத்து ஊளையிடும். அதற்கு மருந்தாக வந்ததுதான் கெட்டி மரம். 1952இல் கிப்ஸன் கொண்டுவந்த லெஸ் பால் மஹாகனிக் கட்டை, அதன்மேல் மேப்பிள் பலகை. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் விலா எலும்பும் முன்கையும் படும் இடங்களைச் சீவிவிட்டார்கள். 1961இல் கிப்ஸனே மெல்லிய உடம்போடு, பின்னால் எஸ்.ஜி. என்று பெயர் பெற்ற வடிவத்துக்கு வந்தது. 1968இல் ஃபெண்டர் டெலிகாஸ்டரின் உள்ளே குடைந்து 'தின்லைன்' செய்தது. ஆக, தோள்வலி எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

நம் வாத்தியங்களில் வீணையும் மிருதங்கமும் தரையில் உட்கார்ந்தவை. சுவாமி புறப்பாட்டில் பலாமரத் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வாசிக்கும் வித்வான்களை நினைத்தால் என் நாலேகால் கிலோவைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

கடையில் முதல் கிட்டாரைக் கொக்கியில் மாட்டியதும் பையன் பதறிவிட்டான். "சார், இது லக்கேஜ் இல்ல சார்!"

"தெரியும் தம்பி. கீழ ஒரு கை குடுத்துப் புடிச்சுக்கோ."

கொஞ்ச நேரத்தில் அவனுக்கே சுவாரசியம் தட்டிவிட்டது. நான் கேட்காமலே அடுத்ததை எடுத்துவந்தான். ஒரே நிறுவனம், ஒரே மாடல், மூன்று கிட்டார்கள்: 3.2, 3.5, 3.7. மரம் அப்படித்தான், ஒரே இனத்திலும் ஒன்றுபோல் ஒன்று அடர்த்தியாக இருக்காது. விவரப்பட்டியலில் எழுதியிருக்கும் எடையை நம்பி, கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது என்னைப் போன்றவர்களுக்கு ஆகாது.

எஸ்.ஜி. வடிவத்தில் ஒன்று 2.8 கிலோதான். ஆசையாக மாட்டிக்கொண்டு கையை எடுத்தேன். கழுத்துப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தது. உடம்பு லேசாகி, தலைப்பக்கத்து முறுக்காணிகள் கனமாக இருந்தால் தராசு முள் போலச் சாயத்தான் செய்யும். அதை ஏந்திப் பிடிக்கும் வேலை இடது கைக்கு. தோளுக்கு மிச்சமான சுமையை மரத்துப்போகும் கட்டைவிரலில் வைப்பதாகிவிடும். எடை குறைவாக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு கையையும் விட்டால் அது நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும்.

கடைசியில் எடுத்தது ஸ்ட்ராட் வடிவம், பாஸ்வுட் மரம், 2.95 கிலோ. கைவிட்டால் அசையவில்லை. பாஸ்வுட் மெத்தென்ற மரம், மேசை விளிம்பில் இடித்தால் பள்ளம் விழும், விழட்டும். விலை 24,000. மிச்சத்தில் மூன்று அங்குல அகலத் தோல்வார் ஒன்று வாங்கினேன். அகலமான வார் சுமையைத் தோள் முழுக்கப் பரப்பும். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் சட்டையைப் பற்றிக்கொண்டு சரியாமலும் நிற்கும். விலைக்குத் தகுந்த பலன் என்று பார்த்தால் கிட்டாரைவிட அந்த வாருக்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கனமான கிட்டாரில்தான் நாதம் நீண்டு நிற்கும் என்பது எங்கள் கீபோர்டுக்காரனின் வேதவாக்கு. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். மரத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று வாதிட ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆனால் பழையதில் இருந்தது இரட்டைச் சுருள் பிக்கப், இதில் ஒற்றைச் சுருள். ஒலி மெலிந்துதான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை.

"பழசு மாதிரி இல்லடா" என்றான் அவன், முதல் பாட்டு முடிந்ததும்.

"இல்லதான்."

நாற்பது நிமிடம் நின்று வாசித்தேன். கட்டைவிரல் விழித்தே இருந்தது. ஐந்தாவது பாட்டுக்கு நடுவே அவன் ஒன்றும் பேசாமல் எழுந்துவந்து, என் ஆம்ப்ளிஃபையரில் பேஸ் திருகை ஒரு கோடு ஏற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.