எச்சரிக்கைக் கொடி பறந்த பாறை



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் காலிக் கோட்டையைப் பார்க்கப் போகாத குடும்பங்கள் குறைவு. வேன் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டி, பாயொன்றையும் சுருட்டி வைத்துக்கொண்டு சுபஹுடன் புறப்பட்டு விடுகிறோம். நீங்களும் போயிருப்பீர்கள், இல்லையேல் இனிப் போவீர்கள். அங்கே பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது, எதைக் கண்டால் கைதட்டாமல் நகர்ந்து விடுவது என்பதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காலி பழைய துறைமுகம். 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா இவ்வூரையும் பார்த்துத் தமது பயண நூலில் குறித்திருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ சார்பில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டும் இங்குதான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்ட அக்கல்லை இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் காணலாம். 1588இல் போர்த்துக்கேயர் இங்கே அரண் கட்டினர். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி, பின்னர் இன்று நாம் காணும் பெரிய மதிலையும் கொத்தளங்களையும் எழுப்பினர். 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது மதிலுக்கு வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சின்னாபின்னமாயின. கோட்டைக்குள் இருந்த வீடுகளைப் பெருமளவு காப்பாற்றியது இந்த மதில்தான்.

கோட்டையின் தென்கிழக்கு மூலையில் 1939இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு நிற்கிறது. அதன் உயரம் 26.5 மீற்றர். அதற்கு எதிரே வெள்ளை வெளேரென்று மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். அங்கே லுஹரைத் தொழுதுவிட்டு, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மதில்மேல் மேற்கு நோக்கி நடந்தால் கோட்டையின் தென்முனை வரும். பிளாக் ரொக், அதாவது கொடிப் பாறை என்பது அதன் பெயர்.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. காலித் துறைமுகத்தின் வாயிலில் நீருக்கு மேலும் கீழும் பாறைகள் நிறைந்திருக்கின்றன. வரும் கப்பல்களுக்கு, “இங்கே பாறை இருக்கிறது, விலகிப் போ” என்று சைகை காட்டுவதற்கே ஒல்லாந்தர் இந்த முனையைப் பயன்படுத்தினர். அப்படியும் ஆபத்து நீங்கவில்லை. 1659இல் அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தக் கப்பல் நங்கூரம் இழுபட்டு இந்தக் குடாவிலேயே மூழ்கியது. 1661இல் ஹெர்கியுலிஸ் என்ற கப்பல் இங்கேயே உடைந்தது. மாதக்கணக்கில் சமுத்திரத்தைக் கடந்து வந்த மாலுமிகள்கூட அஞ்சிய நீர் இது.

இன்று அதே பாறையில் என்ன நடக்கிறது? மதிலின் விளிம்பிலிருந்து சில இளைஞர்கள் கீழே கடலுக்குள் பாய்கிறார்கள். உல்லாசப் பயணிகளிடம் முதலில் பணம் பேசிக்கொண்டு, நாலெட்டு ஓடிவந்து, பாறைகளுக்கு இடையிலுள்ள சிறு நீர்ப்பரப்பைக் குறிவைத்துக் குதிக்கிறார்கள். உயரம் சுமார் 40 அடி. சுற்றி நிற்போர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். தலை நீருக்கு மேலே தெரிந்ததும் ஒரே கரகோஷம்! “விலகிப் போ” என்று கொடி காட்டிய இடம், “வா, குதி” என்று அழைக்கும் இடமாகிவிட்டது.

நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்க்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது என்ன?

முதலில் கணக்கைச் சொல்லுங்கள். 40 அடி உயரத்திலிருந்து விழும் உடல் நீரைத் தொட ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே எடுக்கும். தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 55 கிலோமீற்றர். நகரத்துள் ஓடும் பஸ்ஸின் வேகம் அது. பாய்ந்தபின் மனம் மாறினாலும் திரும்பி வர வழியில்லை. மார்போ வயிறோ தட்டையாக மோதினால் உள்ளுறுப்புகள் காயப்படும். நீர் ஆழமற்றிருந்து தலை முதலில் பாறையிலோ மணலிலோ பட்டால் கழுத்தெலும்பு முறிந்து, அதனுள்ளே செல்லும் முண்ணாண் சிதைந்துவிடும். முண்ணாண் சிதைந்தால் கையும் காலும் செயலிழக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு உம்மா மீண்டும் சோறு ஊட்ட வேண்டிய நிலை வரும். அந்த வீட்டின் துயரத்தை எந்தக் கரகோஷம் ஆற்றும்?

வழக்கமாகக் குதிப்பவன் அந்த இடத்தைப் பல வருடங்களாகப் பழகியவன். எந்தப் பாறை எங்கே, அலை எழும்போது நீர் எவ்வளவு உயரும் என்பதெல்லாம் அவனுக்கு ஓரளவு தெரியும். அவனுக்கே ஆபத்து நீங்கவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் நீந்திப் பழகிய பிள்ளை, “நானும் நீச்சல்காரன்தானே” என்று எண்ணுவது இன்னும் பெரிய ஆபத்து.

நான் கோட்டைக்குள் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், அஸருக்குப் பின் மதிலில் காற்று வாங்கப் போவது எங்கள் வழக்கம். குளங்கள் நிறைந்த ஊரிலிருந்து ஓத வந்த மாணவர் ஒருவர் எங்களோடு இருந்தார். ஒரு நாள் அவ்விடத்தில் கூடியிருந்த வாலிபர்கள் அவரைச் சீண்டினார்கள். “பயமா?” என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் சேட்டைக் கழற்றிவிட்டு விளிம்புக்கே போய்விட்டார். நாங்கள் தடுத்தது அவர் காதில் ஏறவில்லை. அப்போது மதிலில் உட்கார்ந்திருந்த வயதான அப்பா ஒருவர், எழுந்திராமலே கேட்டார்:

“மகன், கீழே எத்தனை பாறை இருக்கு?”

மாணவர் எட்டிப் பார்த்தார். “தெரியலை அப்பா.”

“எண்ணிப் போட்டுச் சொல்லுங்க. அதுக்குப் பிறகு பாயுங்க.”

அலை வந்தால் பாறை மறைகிறது. அலை போனால் இன்னொன்று தெரிகிறது. அவர் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் கணக்கு வேறுபட்டது. மெதுவாகச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். அந்த அப்பா கோழை என்றும் சொல்லவில்லை, வீரன் என்றும் சொல்லவில்லை. அவருடைய கண்ணைக் கூட்டத்திலிருந்து கடலுக்குத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

இளைஞர்கள் ஆபத்தை அறியாமல் குதிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பலவேளை அறிந்தே குதிக்கிறார்கள். பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காகக் குதிக்கிறார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான கார்ட்னர், ஸ்டைன்பேர்க் ஆகிய இருவரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் வாகனம் ஓட்டும் விளையாட்டொன்றைத் தனியாகவும், நண்பர்கள் பார்த்திருக்கவும் ஆடச் செய்தார்கள். நண்பர்கள் பார்த்திருந்தபோது பதின்ம வயதினர் எடுத்த ஆபத்து வெகுவாகக் கூடியது. வளர்ந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. நிதானித்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது அறிவியல் கண்ட உண்மை.

அப்படியானால், மதிலின் விளிம்பில் நிற்பவனைத் தள்ளும் கைகளில் பார்வையாளரின் கைகளும் உண்டு. பணம் கொடுக்கும் கை, கைதட்டும் கை, கைத்தொலைபேசியை உயர்த்தி வீடியோ எடுக்கும் கை! பழைய காலத்தில் அவனைச் சுற்றி நின்றோர் பத்துப் பேர். இன்று அந்த வீடியோ எத்தனையோ ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. சகோதரிகளே, நம் கையை அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுவோம். பணம் கேட்டால், “வேண்டாம் மகன், குதிக்காமல் போங்க” என்று அன்பாகச் சொல்லுங்கள். நின்று பார்க்காமல் நடந்து செல்லுங்கள். உங்கள் பிள்ளை கூட இருக்கிறான் என்றால், இதுவே அவனுக்கு நல்ல பாடம்.

கடலுக்குப் போகும்போது இன்னும் சில விடயங்களை மனதில் வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். காலிக் கரையில் அப்போது கடல் மூர்க்கமாக இருக்கும், குளிக்க உகந்ததன்று. மதிலின் பல இடங்களில் கைப்பிடிக் கம்பி இல்லை. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். விளிம்பில் நின்று படம் எடுக்க இடம் கொடாதீர்கள். கடலில் குளிப்பவரை நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி நேரே போராடக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விலகியபின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

ஒருவர் மூழ்கினால் பழக்கமில்லாதவர் பின்னால் பாயவேண்டாம். இருவரும் போய்விடும் அபாயம் உண்டு. கயிறு, சேலை, மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கேன், எது கிடைத்தாலும் எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவரைத் தோளில் தூக்கிக் குலுக்காதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதும் பரிகாரமல்ல. ஓடவும் ஏறவும் பாயவும் வாலிபம் துடிக்கத்தான் செய்யும். தேர்ந்தவர் ஒருவரிடம் விட்டு மகனுக்கும் மகளுக்கும் முறையாக நீச்சல் கற்றுக்கொடுங்கள். மலையேறட்டும், பெரியவர் ஒருவர் துணைக்குப் போகட்டும். ஆனால் எங்கே போனாலும் அந்த அப்பா கேட்ட கேள்வியை அவர்கள் நாவில் பழக்கிவிடுங்கள்: “கீழே என்ன இருக்கிறது?” பதில் தெரியாத இடத்தில் காலெடுத்து வைக்காதவன் கோழையல்ல.

உயிர் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதை ஒருவருடைய கைதட்டலுக்கு விற்க நமக்கு உரிமை இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு அன்போடு எடுத்துச் சொல்வோமாக!