பொதட்டூர்பேட்டையில் நாம் கண்ட புதுக்கூத்து

கூத்து தமிழர்க்குப் புதியதன்று. துணங்கையையும் குரவையையும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலரங்கின் அளவையே வகுத்துரைக்கின்றது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கடலாடு காதையில் மாதவி ஆடியவை பதினொரு வகை ஆடல்கள். ஏட்டில் உள்ள இக்கூத்துகளைக் கற்பிப்போர்க்கு, நாட்டில் நிகழும் கூத்தைக் கண்ணாற் காணும் கடமையும் உண்டு. அக்கடமையை நமக்கு நினைவூட்டியவர் ஒரு நெசவாளர்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த நெசவாளர் ஊர் பொதட்டூர்பேட்டை. தெருவில் நடந்தால் தறியோசை நம்முடன் நடந்து வரும். அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் தந்தையார் ஒருநாள் நம்மைக் காண வந்தார். “ராத்திரியும் பகலுமா தறி ஓட்டி இவனைப் படிக்க வைக்கிறேன் சார். இவன் தலைகீழா நின்னு சுத்துறான். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்லயே போட்டியாம். நீங்களே வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணாம்னு நீங்க சொன்னா விட்டுடுவான்” என்றார். ஓர் இளைஞனின் விருப்பம் நம் ஒரு சொல்லைப் பொறுத்து நிற்கும்போது, பாராமல் தீர்ப்புரைத்தல் முறையன்று. ஆகவே சென்றோம்.

போட்டியைக் காணுமுன் அதன் பிறப்பை அறிவது நலம். 1994இல் வெளிவந்த ‘காதலன்’ போன்ற படங்களில் பிரபுதேவா ஆடியதைக் கண்டு, விரைந்து ஆடும் ஆட்டம் அனைத்தையும் ‘பிரேக் டான்ஸ்’ என்றே நம் மக்கள் அழைத்தனர். ஆடுவோர் தம் கலைக்கு இட்ட பெயரோ ‘பிரேக்கிங்’. அது நியூயார்க் மாநகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்க இளைஞரிடையே தோன்றியது. 1973 ஆகஸ்டு 11 அன்று செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தொன்றில், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடைவெளிக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி அவ்விடைவெளியை அவர் நீட்டித்தார். அந்த இடைவெளியில் ஆடியோரே ‘பி-பாய்’, ‘பி-கேர்ள்’ எனப்பட்டனர். வீடுகள் எரிந்தும் இடிந்தும் கிடந்த ஒரு பகுதியில், கைகலப்பாக முடிந்திருக்கக்கூடிய பகைமை பலவும் ஆட்டப் போட்டியாக உருமாறியது இக்கலையின் பெருமை எனலாம்.

பொதட்டூர்பேட்டையில் போட்டி நிகழ்ந்த இடம் ஒரு திருமண மண்டபம். மணமேடை வெறுமையாய் இருந்தது. ஆட்டம் நிகழ்ந்ததோ கீழே தரையில். பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தனர். சுற்றிலும் இளைஞர்கள் வட்டமாக நின்றனர். அவ்வட்டத்திற்குச் ‘சைஃபர்’ என்று பெயர். ஏழு கோல் அரங்கை எதிர்பார்க்கும் கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். கைபிணைத்து வட்டமாய் ஆடிய குரவையை நினைப்பார்க்கு உறவாகவே தோன்றும்.

புதியவரான நமக்கு நாற்காலி தந்து, முறைமைகளை ஒரு சிறுவன் விளக்கினான். ஒருவர் ஆடும்போது குறுக்கே நடத்தல் கூடாது. எதிராளியைத் தொடுதல் கூடாது. நின்றாடுவது ‘டாப்ராக்’, கையூன்றித் தரையில் கால்களை ஓட்டுவது ‘ஃபுட்வொர்க்’, உடலைச் சுழற்றுவது ‘பவர் மூவ்’, தாளத்தின் முடிவில் சிலைபோல் உறைவது ‘ஃப்ரீஸ்’. எல்லாவற்றினும் பெரிய குற்றம் ‘பைட்டிங்’, அதாவது பிறர் அசைவைத் திருடித் தனதென ஆடுதல். அடுத்தவர் ஏட்டைப் பார்த்து எழுதும் நம் மாணவர்கள் சிலர்க்கு இவ்விதியை மட்டுமேனும் கற்பிக்கலாமே என்று எண்ணிக்கொண்டோம்.

நம் மாணவனின் முறை வந்தது. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அவன். வட்டத்துள் நுழைந்ததும் தோள் நிமிர்ந்தது, பார்வை நேரானது. கால்கள் தரையில் வட்டமிட, ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடலின் பாரம் மாறிக்கொண்டே இருந்தது. அருகில் நின்ற தந்தையார் முதலில் தலைகுனிந்திருந்தார். சிறிது நேரத்தில் அவர் பாதம் தாளத்திற்கு அசைவதைக் கண்டோம். “குழித்தறியில எங்கப்பா மிதிக்கிறது இப்படித்தான் சார் இருக்கும். கையும் காலும் ஒத்துப் போகணும். மிதி தப்புனா துணி போச்சு” என்றார். எந்த நூலிலும் நாம் படித்திராத விளக்கவுரை அது!

ஆட்டம் முடிந்ததும் நடுவர் மூவரும் ஒரே கணத்தில் கைநீட்டினர். இருவர் கை எதிராளியைச் சுட்டியது. தோற்ற நம் மாணவன் வென்றவனைத் தழுவினான். பின் ஓரமாகச் சென்று, தன்னை வென்ற அந்த அசைவையே அவனிடம் கேட்டுப் பயின்றான். தோல்வியை இத்துணை விரைவில் பாடமாக்கிக்கொள்ளும் பண்பு, கற்றோர் அவைகளிலும் அரிதாகக் காண்பதே.

வெளியே வந்ததும் தந்தையார் நம் முகத்தையே பார்த்தார். இக்கலை சோறு போடும் என்று நாம் பொய்யுரைக்கவில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. ஜப்பானின் அமியும் கனடாவின் ஃபில் விசார்டும் தங்கம் வென்றனர். ஆயினும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளுக்கான பட்டியலில் இதற்கு இடமில்லை. இவற்றைக் கூறிவிட்டு, “படிப்பை விடாமல் ஆடட்டும், வெறும் சிமெண்டுத் தரையில் தலையூன்ற வேண்டாம், மணிக்கட்டு வலித்தால் மறைக்காமல் சொல்லட்டும்” என்றோம். “அப்ப ஆடலாம்னு சொல்றீங்க” என்றார் அவர். “ஆம்” என்றோம். மகன் அருகில்தான் நின்றான். ஒன்றும் பேசாமல் தந்தையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

பெரியோர்களே, பிள்ளைகளின் விருப்பம் நமக்கு விளங்காததாய் இருக்கலாம். விலக்குவதற்கு முன் ஒருமுறை அவ்வட்டத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் ஆடும் கலையைக் காண உங்கள் தந்தையரை ஒருமுறை அழையுங்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை, நீங்கள் அறியாத பொருளை அதில் கண்டு சொல்லக்கூடும்.