பத்துக்குப் பத்து



இரண்டு மாதமாக இந்தப் பக்கம் நான் எதுவும் எழுதவில்லை. "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. முடியாமல் கிடந்தது வண்டிதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுக் கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு, அதிலும் என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களுக்கு, உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

58 வயதில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன் நான். அரசு ஓய்வு வயதை 59 ஆக்கி, பிறகு 60 ஆக்கியதால் 2022 மே வரை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். பணிக்காலம் முழுக்க இரண்டு சக்கரம்தான். ராசிபுரத்தில் அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. வீட்டம்மாவுக்கு மூட்டு வலி வந்து, ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப்போட்டு உட்கார முடியாமல் ஆன பிறகுதான் கார் பேச்சு வந்தது. பணப்பலனில் ஒரு பங்கை எடுத்து, சேலத்தில் ஒரு ஷோரூமில் 12 லட்சத்துச் சொச்சத்துக்கு டீசல் கார் வாங்கினோம். "டீசல்னா இழுவை நல்லாருக்கும், மைலேஜும் கிடைக்கும் சார்" என்றார்கள். சரி என்றேன். அப்போது யாரும் என்னிடம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வீடு வந்தோம். அமெரிக்காவில் திரும்பத் திரும்பக் கெட்டுப்போகும் புது வண்டிக்கே 'எலுமிச்சை' என்றுதான் பெயராம். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் அதற்கென்று ஒரு சட்டமே போட்டது. ஒரே கோளாறுக்கு நாலு முறை பழுது பார்த்தும் சரியாகவில்லை என்றால் மாற்று வண்டியோ பணமோ கேட்கலாம். இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த எலுமிச்சை சக்கரத்துக்கு அடியில் இருந்ததுதான்.

மூன்றாம் மாதம் மீட்டர் பலகையில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. ஒரு பெட்டிக்குள் புள்ளிகள் வைத்த மாதிரி படம். வண்டி மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கொண்டுபோனேன். கணினியை மாட்டிப் பார்த்து, "கிளியர் பண்ணிட்டோம் சார்" என்று அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு. மறுபடியும் கிளியர். மூன்றாவது முறை நாமக்கல்லில் டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில், புதுச்சத்திரம் தாண்டி, நாற்பதுக்கு மேல் வண்டி ஏறவே மாட்டேன் என்றது. பின்னால் டேங்கர் லாரி ஆரன் அடிக்கிறது. ஓரம் கட்டினேன். வீட்டம்மா புளியமரத்து நிழலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, "கடனை உடனை வாங்காம வாங்கினோம், அந்த மட்டுக்கும் சரி" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாலாவது முறை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாவது முறையும் "செக் பண்ணியாச்சு, ஓகே."

"அஞ்சு தடவை போனீங்களே, ஒரு தடவைகூடச் சண்டை போடலையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். போடவில்லை. அங்கே சர்வீஸ் பிரிவில் என் வண்டியை எடுத்துக்கொள்ளும் தம்பி என்னிடம் படித்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். நாற்காலி இழுத்துப் போடுவான். "எங்க பிசிக்ஸ் சார்" என்று மற்றவர்களிடம் சொல்வான். டீ வரும். அப்புறம் எங்கே வாய் திறப்பது? நான் எழுதிக் கொடுத்தால் அது அந்தப் பையன் தலையில்தானே விடியும் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு சர்வீஸ் முடிந்து இரண்டு நாளில் ஒரு போன் வரும். "எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பான்: "போன் வந்தா பத்துன்னு சொல்லிடுங்க சார்." ஐந்து முறையும் பத்து என்று சொன்னேன். விடைக்கு அலகு எழுதாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைத்தவன் நான். வண்டி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பத்துக்குப் பத்து.

பக்கத்து வீட்டுக்காரர் லாரி வைத்திருப்பவர். வண்டி படும் பாட்டைப் பார்த்துவிட்டு, நாமக்கல் பைபாஸ் ஓரம் தமக்குத் தெரிந்த லாரி மெக்கானிக் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் கணினி எதுவும் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது. மோந்து பார்த்தார். "டீசல் கலந்திருக்குதுங்க" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"மூணு கிலோமீட்டர், நாலு கிலோமீட்டர். மார்க்கெட், கோயில், மருந்துக்கடை."

"அப்ப எதுக்குங்க சார் டீசல் வாங்குனீங்க?"

ஷோரூமில் ஒருவரும் கேட்காத கேள்வி இதுதான்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்று முன்பு அனுமதித்த புகைத்துகள் 25 மில்லிகிராம், இப்போது 4.5தான். அதற்காகப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். டி.பி.எஃப். என்பார்கள். அதில் கரி சேரும். சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வண்டியே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு வர, சீரான வேகத்தில் ஒரு கால் மணி, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். நான் மருந்துக்கடையில் நிறுத்திவிடுவேன். எரிப்பு பாதியில் நிற்கும். எரிக்க என்று கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி வழிந்து இன்ஜின் ஆயிலில் சேரும். நாமக்கல் லாரிக்கு இந்தத் தொல்லை குறைவு. அது ஏறினால் வடநாடு போய்த்தான் இறங்கும். கரி தானாக எரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து, வண்டியோடு கொடுத்த கையேட்டை முதன்முறையாகப் பிரித்தேன். அதே ஆரஞ்சுப் படம். அதற்குக் கீழே இதே விளக்கம், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். "வினாவை முழுசாப் படிச்சிட்டு எழுதுடா" என்று எத்தனை பேர் தலையில் குட்டியிருப்பேன்! எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, தப்பு நம்மேல்தான் என்று ஆயிலை மாற்றிவிட்டு, மெக்கானிக் சொன்னபடி கரூர் வரை ஒரே ஓட்டமாகப் போய் வந்தேன். விளக்கு அணைந்தது. அதன்பிறகு தினமும் சேலம் பைபாஸ் வரை போய் வந்தேன். ஆறாம் நாள் மறுபடியும் எரிந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "அப்ப உங்க மேல மட்டும் தப்பில்லீங்க. சென்சாரைப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த சென்சார் வேறொன்றும் இல்லை. வடிகட்டிக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் வித்தியாசம் பார்ப்பது. அடைப்பு கூடினால் வித்தியாசம் கூடும். ஆய்வகத்தில் U குழாயில் தண்ணீர் ஊற்றி வருடாவருடம் நான் செய்துகாட்டிய அதே பாடம்.

ஆறாவது முறையாகச் சேலம் போனேன். தம்பி நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. "வெளிய போய் டீ குடிக்கலாம் வாப்பா" என்றேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஜாப் கார்டுல நான் சுருக்கி எழுதறதுல கையெழுத்துப் போடாதீங்க. நீங்க சொல்ற வார்த்தையிலயே எழுதச் சொல்லுங்க. அப்புறம் அந்தப் பத்து மார்க்கு... நெசத்தைச் சொல்லுங்க சார். கொறஞ்சா எனக்கு இன்சென்டிவ் போகும். ஆனா மார்க் கொறஞ்சாத்தான் மேல இருக்கறவங்க திரும்பியே பாப்பாங்க."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நல்லாப் பேசினீங்க சார். எனக்கும் அப்படியே ஓடிருச்சு."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. இரண்டு பேரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம்.

அந்த வாரம் போன் வந்தபோது மூன்று என்றேன். எதிர்முனையில் அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். வந்த பதில்: "எங்கள் பதிவேட்டின்படி ஐந்து முறையும் தாங்கள் முழுத் திருப்தி தெரிவித்துள்ளீர்கள்." நான் போட்ட மார்க்கே எனக்கு எதிரான சாட்சி.

பிறகுதான் நிதானமாக உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தேதி, கிலோமீட்டர், எந்த இடத்தில் நின்றது, என்ன செய்து அனுப்பினார்கள் என்று வரிசையாக. கையேட்டைப் படிக்காததும், பொய்யாகப் பத்து போட்டதும் என் தவறு என்றும் எழுதினேன். வாங்கும்போது என் ஓட்டம் எவ்வளவு என்று யாரும் கேட்காததையும் எழுதினேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தெரிந்தே தகவலை மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். ஜாப் கார்டு நகல்களை இணைத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் ஒரு பொறியாளர் வந்தார். இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பி அளவைப் பார்த்தார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் சென்சார் அடைப்பு இருப்பதாகக் காட்டியது. ஐந்து நிமிட வேலை. அதற்கு ஏழு மாதம். உத்தரவாதத்தில் சென்சாரை மாற்றினார்கள். கட்டி இழுத்த செலவைத் தரவில்லை. நானும் அதற்குமேல் போகவில்லை.

போக வேண்டியிருந்தால் வழி இருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா மாதிரி எலுமிச்சைச் சட்டம் நமக்குத் தனியாக இல்லை. 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரவாதத்தில் உதிரிபாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் இருந்தால் முழு வண்டியை மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. ஆனால் இப்போது ஷோரூம் எங்கே இருந்தாலும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லலாம். எதற்கும் கையில் காகிதம் வேண்டும். "ஓகே" என்று எழுதின ஜாப் கார்டு உங்களுக்குக் காகிதம் ஆகாது.

இப்போது நாலு மாதமாக விளக்கு எரியவில்லை. ஞாயிறுதோறும் மோகனூர் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வருகிறோம். வடிகட்டி சுத்தமாகிறது. "உங்க சக்கரைக்கு நடக்கறீங்க, அது கரிக்கு நடக்குது" என்கிறார் வீட்டம்மா. மூட்டு வலி மறந்து கரையில் கொஞ்ச நேரம் உட்காருகிறார். வண்டி வாங்கியது அதற்காகத்தானே.

போன மாதம் சர்வீஸுக்குப் போனபோது தம்பி வழக்கம்போல் எழுந்து நின்றான். அந்த மாதம் இன்சென்டிவ் போனதா என்று கேட்டேன். போனது என்றான். எவ்வளவு என்று சொல்லவில்லை.

"பிராக்டிகல்ல கூட எனக்கு நீங்க மூணு போட்டதில்லையே சார்" என்று சிரித்தான்.

ஜாப் கார்டை நீட்டினான். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. எட்டு என்றேன். எட்டுக்கான வேலைதான் அது.